கையில் எவ்வளவு நிற்கும்?

சென்னையில் எழுபதாயிரம் ரூபாய் சம்பளத்துக்கு ஒரு வேலை. நாகர்கோவிலில் நாற்பத்தைந்தாயிரத்துக்கு ஒரு வேலை. சுசீந்திரத்தில் அப்பா கட்டிய வீடு இருக்கிறது. அங்கிருந்து நாகர்கோவில் டவுன் பஸ்ஸில் போய்வரும் தூரம். எதை எடுப்பது? வீட்டில் இந்தப் பேச்சு வந்தால் பெரியவர்கள் சம்பளத்தைக் கேட்டுக்கொண்டு அடுத்த மூச்சில் கேட்பார்கள்: “எல்லாம் போக மாசக் கடைசியில கையில எவ்வளவு நிக்கும்?”

சாதாரணக் கேள்விதான். ஆனால் இதற்கு ஒழுங்காக விடை சொல்லும் முறையைத் தேடி முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. தேடியவர்களுக்குக் கிடைத்தது விசித்திரமான முடிவு. இரண்டு ஊர்களில் எது செலவு கூடிய ஊர் என்று கேட்டால் விடை கிடையாது. யாருக்கு என்று சேர்த்துக் கேட்டால்தான் உண்டு.

மூன்று எழுத்துக் கணக்கு

மத்திய அரசு இந்தக் கேள்விக்கு மூன்று எழுத்துகளில் விடை வைத்திருக்கிறது: எக்ஸ், ஒய், இசட். 50 லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரம் எக்ஸ். 5 லட்சம் முதல் 50 லட்சம் வரை ஒய். மற்றவை எல்லாம் இசட். சென்னை எக்ஸ். மதுரை, கோயம்புத்தூர், திருவனந்தபுரம் ஒய். நாகர்கோவில் 2019-இல் மாநகராட்சி ஆனாலும் இசட்தான். 2024 ஜனவரியில் அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தொட்டபோது, இந்த மூன்று வகைக்கும் வீட்டு வாடகைப்படி அடிப்படைச் சம்பளத்தில் 30, 20, 10 சதவீதம் என்று ஆனது. அடிப்படைச் சம்பளம் 50,000 வாங்கும் மத்திய அரசு ஊழியர் நாகர்கோவிலிலிருந்து சென்னைக்கு மாற்றலானால், வாடகைப்படி 5,000-லிருந்து 15,000 ஆகும்.

அகவிலைப்படியோ நாடு முழுவதும் ஒரே சதவீதம். தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டின் அகில இந்திய எண்ணை வைத்து அது போடப்படுகிறது. ஆக, அரசின் பார்வையில் ஊருக்கு ஊர் மாறுவது முதன்மையாக வாடகை. கொஞ்சம் போக்குவரத்துச் செலவு. அந்த வாடகையும் யாரும் வீடு வீடாகப் போய் விசாரித்ததில்லை. தலைகளை எண்ணி ஊகித்தது. முரட்டுக் கணக்குதான். ஆனாலும் அரிசியையும் பருப்பையும் விட்டுவிட்டு வாடகையில் கை வைத்ததற்கு நல்ல காரணம் உண்டு. அதற்குப் பிறகு வருவோம்.

செய்தித்தாளில் வரும் விலைக் குறியீட்டைப் பார்த்து ஊர்களை ஒப்பிடுபவர்கள் உண்டு. அது தப்பு. தொழிலாளர் குறியீடு 2016-ஐ 100 என்று வைத்துக்கொண்டு நாட்டின் 88 மையங்களில் விலை எவ்வளவு ஏறியது என்று சொல்கிறது. ஒரு மையத்தின் எண் 150, இன்னொன்றுக்கு 140 என்றால், முதல் ஊரில் விலை வேகமாக ஏறியிருக்கிறது என்றுதான் பொருள். இரண்டாவது ஊர் 2016-லேயே இருமடங்கு செலவுள்ள ஊராக இருந்திருக்கலாம். இரண்டையும் 100 என்று வைத்துத் தொடங்கியதால் அந்த வித்தியாசம் எண்ணில் தெரியாது. 2012-ஐ அடிப்படையாகக் கொண்ட பொது நுகர்வோர் விலைக் குறியீட்டில் இன்னொரு வேடிக்கை: நகரக் கணக்கில் வீட்டுக்கு 21.67 சதவீத எடை, கிராமக் கணக்கில் பூஜ்யம். கிராமத்தில் வாடகை வீடு குறைவு என்பதால் அந்த வரியையே வைக்கவில்லை.

இரண்டு கூடைகள், இரண்டு விடைகள்

விலைகளை ஒழுங்காக ஒப்பிட்ட முதல் ஆட்களில் ஒருவர் ஓர் ஆங்கிலப் பாதிரியார், வில்லியம் ஃப்ளீட்வுட். ஆக்ஸ்ஃபோர்டு கல்லூரி ஒன்றின் பதினைந்தாம் நூற்றாண்டுச் சட்டம், ஆண்டுக்கு 5 பவுண்டுக்கு மேல் சொந்த வருமானம் உள்ளவர் அங்கே உதவித்தொகை பெறும் உறுப்பினராக இருக்கக் கூடாது என்றது. இரண்டரை நூற்றாண்டு கழித்து ஒருவருக்கு மனச்சாட்சி உறுத்தியது: அன்றைய 5 பவுண்டும் இன்றைய 5 பவுண்டும் ஒன்றா? ஃப்ளீட்வுட் தானியம், இறைச்சி, பானம், துணி ஆகியவற்றின் பழைய விலைகளைத் தேடி எடுத்து 1707-இல் புத்தகமே போட்டார். அன்று 5 பவுண்டு வாங்கியதை வாங்க இப்போது 28 முதல் 30 பவுண்டு வேண்டும் என்பது அவர் முடிவு. ஒரு கூடைப் பொருளை நிலையாக வைத்து இரண்டு விலைகளில் கூட்டிப் பார்ப்பது. இன்றுவரை அடிப்படை இதுதான்.

இதையே இரண்டு ஊருக்குச் செய்து பார்ப்போம். கணக்கு புரிவதற்காகக் கற்பனை விலைகள்: சுசீந்திரத்தில் மீன் கிலோ 150 ரூபாய், காய்கறி 60. சென்னையில் மீன் 300, காய்கறி 40. பழையாறு கடலில் சேரும் மணக்குடி சுசீந்திரத்துக்குப் பக்கம். கோயம்பேடு காய்கறிச் சந்தை சென்னையிலேயே இருக்கிறது. அதனால் விலை இப்படி இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். சுசீந்திரத்துக் குடும்பம் மாதம் 8 கிலோ மீனும் 5 கிலோ காயும் வாங்குகிறது. சென்னைக் குடும்பம் 2 கிலோ மீன், 20 கிலோ காய்.

சுசீந்திரத்துக் கூடை சொந்த ஊரில் 1,500 ரூபாய். அதையே சென்னையில் வாங்கினால் 2,600. சென்னை முக்கால் பங்கு கூடுதல் செலவுள்ள ஊர்! இப்போது சென்னைக் கூடையை எடுப்போம். சென்னையில் அது 1,400 ரூபாய். சுசீந்திரத்தில் 1,500. இந்தக் கூடையின்படி சுசீந்திரம்தான் செலவு கூடிய ஊர். கூட்டலில் பிழை இல்லை. இரண்டு குடும்பமும் அடுத்தவர் ஊரே விலை கூடியது என்கின்றன. இரண்டும் சொல்வது உண்மை.

இது தற்செயல் இல்லை. மனிதர்கள் எங்கே இருந்தாலும் அங்கே மலிவாகக் கிடைப்பதைக் கூடுதலாக வாங்குகிறார்கள். நாகர்கோவிலும் சுசீந்திரமும் அடங்கிய நாஞ்சில் நாட்டில் சாளை மீனும் மரச்சீனிக் கிழங்கும் சாதாரணச் சாப்பாடாக ஆனதற்கு நாக்கு மட்டும் காரணமில்லை, சந்தையும் காரணம். அதனால் ஒவ்வொருவர் கூடையும் அவரவர் ஊர் விலைக்கேற்ப வளைந்திருக்கும். அந்தக் கூடையை வேறோர் ஊருக்குத் தூக்கிக்கொண்டு போனால் அங்கே விலை கூடியதாகவே தோன்றும். பொருளியலாளர் அலெக்சாண்டர் கெர்ஷென்கிரான் 1951-இல் சோவியத் இயந்திர உற்பத்தியை டாலரில் மதிப்பிட்டபோது இதே குணத்தைக் காட்டினார். இன்று அது கெர்ஷென்கிரான் விளைவு என்றே அறியப்படுகிறது.

தன் கூடையை வைத்துக் கணக்கிடும் முறைக்கு எத்தியன் லாஸ்பேர் (1871) பெயர்; அடுத்தவர் கூடையை வைத்துக் கணக்கிடுவதற்கு ஹெர்மன் பாஷே (1874) பெயர். அமெரிக்கரான இர்விங் ஃபிஷர் 1922-இல் இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்கச் சொன்னார். நம் எடுத்துக்காட்டில் 1.73-ஐ 0.93-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் ஏறத்தாழ 1.27. சென்னை 27 சதவீதம் கூடுதல். நடுநிலையான எண்தான், ஆனால் அந்த எண்ணுக்குப் பொருந்தும் குடும்பம் இரண்டு ஊரிலும் இல்லை. மீனே வாங்காத சுசீந்திரத்து வீடு ஒன்று அதே தெருவில் இருந்தால், நம் கற்பனை விலைகளில் அதற்குச் சென்னை மூன்றில் ஒரு பங்கு மலிவு.

ரஷ்யரான அலெக்சாண்டர் கோன்யூஸ் 1924-இல் கேள்வியையே மாற்றினார். அதே பொருள்களை வாங்க எவ்வளவு வேண்டும் என்று ஏன் கேட்க வேண்டும்? அதே அளவு மனநிறைவோடு வாழ எவ்வளவு வேண்டும் என்று கேட்போம். சென்னைக்குப் போன சுசீந்திரத்துக்காரர் எட்டுக் கிலோ மீனைத் தேடி அலைய மாட்டார். கொஞ்சம் குறைத்து, காயைக் கூட்டி, சமாளித்துக்கொள்வார். அப்படிச் சமாளித்த பிறகு ஆகும் செலவே உண்மையான வாழ்க்கைச் செலவு. கொள்கை அழகானது. அளப்பதுதான் கடினம், மனநிறைவைத் தராசில் வைக்க முடியாது.

சில பொருள்களுக்கு அடுத்த ஊரில் விலையே இருக்காது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரி மட்டிப்பழம் சுசீந்திரத்தில் பெட்டிக்கடையில் தொங்கும். சென்னையில் நினைத்த நேரத்தில் வாங்க முடியாது. கிடைக்காத பொருளுக்கு என்ன விலை போடுவது? கணக்கர்கள் பெரும்பாலும் அந்த வரியை அடித்துவிடுகிறார்கள். மறுபுறம், சென்னையில் ஒரு பேருந்துத் தூரத்தில் கிடைக்கும் பத்து வகை வேலைவாய்ப்பும் அப்படித்தான் கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறது.

தங்கம் ஒரு விலை, முடிவெட்டு வேறு விலை

தங்கம் நாகர்கோவிலிலும் சென்னையிலும் ஏறத்தாழ ஒரே விலைதான். கைப்பேசியும் அப்படியே. தமிழ்நாட்டுக்குள் அரசும் பல விலைகளைச் சமமாக்கி வைத்திருக்கிறது. ரேஷன் அரிசி 2011 ஜூன் முதல் இலவசம். 2021 முதல் பெண்களுக்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் டிக்கெட் இல்லை. சுசீந்திரத்திலிருந்து நாகர்கோவிலுக்கு வேலைக்குப் போகும் பெண்ணுக்கும் வேளச்சேரியிலிருந்து தியாகராய நகருக்குப் போகும் பெண்ணுக்கும் அந்தச் செலவு ஒன்றே: பூஜ்யம்.

முடிவெட்டு அப்படி இல்லை. கத்தரியும் ஒன்று, தலையும் ஒன்று, கூலி வேறு. காரணத்தை 1964-இல் பேலா பலாஸாவும் பால் சாமுவேல்சனும் தனித்தனியே விளக்கினார்கள். தொழிற்சாலையும் கணினி நிறுவனமும் உள்ள ஊரில் ஒரு மணி நேர உழைப்புக்கு வருமானம் கூடுதல். அங்கே முடிவெட்டும் கடைக்கு ஆள் வேண்டுமென்றால், வேறு வேலைக்குப் போகாமல் இருக்குமளவு கூலி கொடுக்க வேண்டும். லாரியில் ஏற்றி அனுப்பக்கூடிய பொருளின் விலை ஊருக்கு ஊர் நெருங்கும். ஏற்றி அனுப்ப முடியாத சேவையின் விலை அந்த ஊர்க் கூலியோடு ஏறும். நாடுகளுக்கு இடையிலும் இதே கதை. 2021-இல் சந்தையில் ஒரு டாலருக்கு 74 ரூபாய். வாங்கும் சக்தியை அளக்கும் உலகக் கணக்கெடுப்பின்படி ஒரு டாலர் அமெரிக்காவில் வாங்குவதை இந்தியாவில் வாங்க ஏறத்தாழ 20 ரூபாய் போதும்.

நாணயமாற்று விகிதத்தை நம்பி வாழ்க்கைச் செலவை எடைபோடக் கூடாது என்பதை நாஞ்சில் நாடு பழக்கத்திலேயே அறிந்திருக்கும். 1956 நவம்பர் 1-இல் சென்னை மாநிலத்தோடு (இன்றைய தமிழ்நாடு) சேருமுன் இது திருவிதாங்கூர்ச் சீமை. அதன் சொந்தக் காசில் 28 சக்கரம் ஒரு சர்க்கார் ரூபாய். எல்லைக்கு அப்பால் திருநெல்வேலியில் புழங்கிய பிரிட்டிஷ் ரூபாய்க்கு 28½ சக்கரம். மாற்றுவதில் அரைச் சக்கரம்தான் வித்தியாசம். அந்த அரைச் சக்கரத்தைப் பார்த்து இரு பக்கமும் ஒரே செலவு என்று முடிவு செய்ய முடியுமா? நெல்லாகவே கூலி அளந்த இடத்தில் ஒரு மரக்கால் நெல் எவ்வளவு நேரச் சோறு என்பதுதான் கணக்கு.

இன்றைய தமிழ்நாடு-கேரள எல்லையின் இரு பக்கமும் விலை எப்படிப் பிரிகிறது என்பதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. டெண்டுல்கர் குழு பரிந்துரைத்த முறையில் திட்டக் குழு 2011-12-க்கு வகுத்த வறுமைக்கோடு தமிழ்நாட்டில் ஆளுக்கு மாதம் கிராமத்தில் 880 ரூபாய், நகரத்தில் 937. கேரளத்தில் கிராமத்தில் 1,018, நகரத்தில் 987. கிராமம் மலிவு, நகரம் செலவு என்ற நம் நினைப்பு எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டியதும் தலைகீழாகிறது. கேரளத்தில் ஊரும் நகரமும் பிரிக்க முடியாமல் ஒட்டி விரிந்தவை. கிராமக் கூலியும் நாட்டிலேயே உயர்ந்த வரிசையில் இருப்பது.

வாடகை சொல்லும் சேதி

இனி வாடகை. நிலத்தை லாரியில் ஏற்ற முடியவே முடியாது. அதனால்தான் ஊர்களுக்கு இடையில் மிகப் பெரிய வித்தியாசம் அதில் வருகிறது. எக்ஸ், ஒய், இசட் அதைப் பிடித்துக்கொண்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வாடகை வெறும் செலவு மட்டும்தானா?

பொருளியலாளர்களான ஷெர்வின் ரோசன் 1979-லும் ஜெனிஃபர் ரோபக் 1982-லும் எழுதிய ஆய்வுகள் இங்கே பாதையைத் திருப்பின. இரண்டு ஊரும் வாழ்வதற்கு ஒரே அளவு நல்லவை என்று வைப்போம். ஓர் ஊரில் சம்பளத்தில் வாடகை போகக் கூடுதலாக நின்றால் மக்கள் அங்கே போவார்கள். போகப் போக வாடகை ஏறும், சம்பளம் இறங்கும், வித்தியாசம் மறையும். மறையாமல் நெடுங்காலம் நின்றால்? குறைவாக நிற்கும் ஊரில் இருப்பவர்களுக்குப் பணமல்லாத ஏதோ ஒன்று கிடைத்துக்கொண்டிருக்கிறது. சென்னைக்குப் போனால் மாதம் பத்தாயிரம் கூடுதலாக நிற்கும் என்று தெரிந்தும் ஒருவர் சுசீந்திரத்தை விடவில்லை என்றால், சுசீந்திரத்தில் இருப்பதற்காக அவர் மாதம் பத்தாயிரம் கொடுத்துக்கொண்டிருக்கிறார். வாழ்க்கைத் தரத்துக்கு யாரும் பில் போடுவதில்லை. அந்த விட்டுக்கொடுத்த தொகைதான் பில்.

இந்த வெளிச்சத்தில் ‘சொந்த வீடு, வாடகை கிடையாது’ என்ற பேச்சும் ஆட்டம் காண்கிறது. அந்த வீட்டை வாடகைக்கு விட்டால் வரக்கூடிய பணத்தை, அதில் குடியிருப்பவர் தனக்குத்தானே கொடுத்துக்கொள்கிறார். நாட்டு வருமானக் கணக்கில் இப்படி மதிப்பிட்ட வாடகை உண்மையாகவே சேர்க்கப்படுகிறது. நாகர்கோவில் வேலையை எடுப்பவர் சென்னை வாடகையை மிச்சம் பிடிக்கிறார். சுசீந்திர வாடகையை இழக்கிறார். கணக்கில் இரண்டும் வர வேண்டும்.

2000-இல் ஸ்வீடனின் மால்மோவுக்கும் டென்மார்க்கின் கோபன்ஹேகனுக்கும் நடுவே ஓரெசுண்ட் பாலம் திறந்தபோது, கோபன்ஹேகனில் வேலை பார்த்த டேனியர்கள் பலர் மலிவான வீடு தேடி மால்மோவுக்குக் குடியேறினார்கள். பாலத்தால் மால்மோவின் வீட்டு விலையும் ஏறியது. நாகர்கோவிலிலிருந்து காலை ரயிலில் திருவனந்தபுரத்துக்குப் போய் மாலையில் திரும்புபவர்கள் செய்வதும் இதே வேலைதான்: ஒரு மாநிலத்தின் சம்பளம், இன்னொரு மாநிலத்தின் வீடு. அதே ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் வாடகை பேச்சுவார்த்தையால் கட்டுப்படுத்தப்பட்டது. சந்தை விலையைவிடக் குறைவு. அதனால் பொது வரிசையில் பெயர் பதிந்து வீடு கிடைக்கச் சராசரியாக எட்டு, ஒன்பது ஆண்டுகள் காத்திருக்கிறார்கள். பணத்தில் வாங்காத விலையை அங்கே ஆண்டுகளில் வாங்குகிறார்கள்.

நேரமும் ஒரு செலவு என்பதை 1965-இல் கேரி பெக்கர் கணிதமாக்கினார். தினம் வேலைக்குப் போய்வர இரண்டு மணி நேரம் கூடுதலாகப் பிடித்தால், இருபத்தைந்து வேலை நாளில் ஐம்பது மணி. மாதத்தில் ஆறு முழு வேலை நாளுக்கு மேல். டேனியல் கானமனும் சகாக்களும் டெக்சஸில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம் ஒரு நாளின் ஒவ்வொரு பொழுதும் எப்படி இருந்தது என்று கேட்டு 2004-இல் வெளியிட்ட ஆய்வில், வேலைக்குப் பயணம் செய்யும் நேரம் பட்டியலின் அடியில் கிடந்தது. ஊர்ப் பக்கமும் தூரத்துக்கு விலை உண்டு. புற்றுநோய்க்கோ இதய அறுவைக்கோ பெரிய சிகிச்சை என்றால் திருவனந்தபுரத்து மண்டலப் புற்றுநோய் மையமும் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனமும் நாஞ்சில் நாட்டார் நினைவுக்கு வரும். அந்தப் பயணமும் துணைக்கு வருபவரின் விடுப்பும் எந்தக் குறியீட்டிலும் இல்லை.

யாருக்கு?

தரத்தை நேராகவே அளக்கும் முயற்சிகளும் உண்டு. தமிழ்நாட்டின் முதல் மனித வளர்ச்சி அறிக்கை (2003) சென்னையை முதலிடத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்தை மூன்றாவதாகவும் வைத்தது. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு கன்னியாகுமரியில் 91.75 சதவீதம், சென்னையில் 90.18. படிப்பில் கிட்டத்தட்டச் சமம்; நெருக்கடியில் இல்லை. சென்னையில் சதுர கிலோமீட்டருக்கு 26,553 பேர், கன்னியாகுமரி மாவட்டத்தில் 1,111. 2019 கோடையில் சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. நாஞ்சில் வயல்களுக்கு 1906 முதல் பேச்சிப்பாறை அணை இருக்கிறது, இரண்டு பருவமழையும் இருக்கிறது. ஆனால் 2017-இல் ஒக்கி புயல் அடித்ததும் இங்கேதான்.

இப்படி வரிசையாக எண்களை அடுக்கினாலும் ஒன்று விட்டுப்போகும். நூறாண்டுக்கு முந்திய சுசீந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அரிசி விலை எல்லாருக்கும் ஒன்று. தாணுமாலயன் கோயிலைச் சுற்றிய தெருக்கள் எல்லாருக்கும் ஒன்றாக இல்லை. ஒடுக்கப்பட்ட சாதியினர் அவற்றில் நடக்கக் கூடாது. அதை எதிர்த்து 1926-இல் இங்கே சத்தியாகிரகம் நடந்தது. கோயிலுக்குள் நுழையும் உரிமை 1936 நவம்பர் 12-இல் வந்த திருவிதாங்கூர் ஆலயப் பிரவேசப் பிரகடனத்தோடுதான் கிடைத்தது. அன்று யாராவது சுசீந்திரத்துக்கு ஒரே ஒரு வாழ்க்கைத் தர எண் போட்டிருந்தால் அது யாருடைய எண்ணாக இருந்திருக்கும்? ஒரே பணம் ஒவ்வொருவரையும் ஒவ்வொன்றைச் செய்ய விடுகிறது. ஆகவே பணத்தை விட்டு, அதைக் கொண்டு ஒருவரால் என்ன செய்ய முடிகிறது, என்னவாக இருக்க முடிகிறது என்பதை அளக்க வேண்டும் என்பது அமர்த்தியா சென் வலியுறுத்தும் வாதம். சுசீந்திரம் அதற்கு நல்ல சாட்சி.

கேள்வி இன்றும் முடிந்துவிடவில்லை. ஊரில் இருப்பவர் கல்யாணம், காதுகுத்து, பால்காய்ச்சு என்று ஒன்றையும் விட முடியாது. ஒவ்வொன்றுக்கும் கவர் வைக்க வேண்டும். சென்னையில் இருப்பவர் பாதிக்குப் போகாமல் தப்பிக்கலாம். ஊரார் முன் தலைகுனியாமல் இருக்கத் தேவையானதும் அத்தியாவசியப் பொருளே என்று ஆடம் ஸ்மித் 1776-லேயே எழுதிவிட்டார். அவர் காட்டிய எடுத்துக்காட்டு, கூலியாளுக்கும் வேண்டியிருந்த லினன் சட்டை. வேறொருத்திக்கோ யாரும் யாரையும் கேள்வி கேட்காத நகரமே பெரிய வசதி. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் எங்கே போய்வருகிறாய் என்று தெருவே கேட்கும் ஊரில் மீன் மலிவாக இருந்து அவளுக்கு என்ன?

வாழ்க்கைத் தரத்துக்கு இன்னொரு குணமும் உண்டு: அதைத் தேடி வருபவர்களே அதைத் தின்றுவிடக்கூடும். சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் 2022-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. குளமும் வயலும் பறவையும் இந்த ஊரின் விலைபோடாத சொத்து. வயலோரத்து வீடு வேண்டும் என்று வயல் மனையாகும்போது, முதலில் வாங்கியவருக்கு வயல் தெரியும். பத்தாவதாக வாங்கியவருக்கு ஒன்பது வீடுகளின் பின்சுவர் தெரியும். மனை விலை மட்டும் அதே காரணத்தைச் சொல்லி ஏறிக்கொண்டிருக்கும். வெளிநாட்டில் சம்பாதித்து ஊரில் வீடு கட்டுபவர்களின் பணமும் அதில் சேரும்போது, உள்ளூர்ச் சம்பளத்தில் வாழ்பவருக்கு மலிவான ஊர் மலிவாக இருக்காது.

ஆகவே எழுபதாயிரமா, நாற்பத்தைந்தாயிரமா என்ற கேள்வியோடு வருபவரிடம் ஊர்ப் பட்டியலை நீட்டுவதில் பயனில்லை. அவருடைய ஒரு மாதச் செலவு நோட்டை எடுத்து இரண்டு ஊர் விலையிலும் கூட்டலாம். சொந்த வீட்டின் வாடகையையும் பயண நேரத்தையும் ரூபாயாக்கி அதில் சேர்க்கலாம். மிச்சத்தில் எந்த ஊர் தோற்கிறதோ, அந்த ஊரில் இருக்க அந்த வித்தியாசத்தைக் கொடுக்கச் சம்மதமா என்று கேட்கலாம். அறையைப் பகிர்ந்துகொள்ளும் இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கும், திருவனந்தபுரத்தில் சிகிச்சை எடுக்கும் அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் ஐம்பது வயது மகனுக்கும் ஒரே வீட்டிலிருந்தே எதிரெதிர் விடைகள் வரும். அப்படி வந்தால்தான் கணக்குச் சரி.